வழிவழி வந்த இதயமும் மறந்துபோன குடிவழியும்

ஊவா மாகாணத்திலே, அப்புத்தளை மலைத்தொடரின் சரிவிலே அமைந்திருப்பது ஹல்துமுல்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை, பெலிஹுல்ஓயாவைக் கடந்து மலையேறத் தொடங்கியபின் இவ்வூரைத் தொட்டுக்கொண்டு பெரகலைக்குச் செல்கின்றது. ஒருபுறம் வானை நோக்கி எழும் தேயிலை மலைகள். மறுபுறம் படிப்படியாகத் தாழ்ந்து, கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்து கிடக்கும் தாழ்நிலம். இம்மலைகளிலே வாழும் தோட்டத் தமிழ் மக்களின் வரலாறு பலமுறை எழுதப்பட்டதுண்டு. கோப்பியும் தேயிலையும், கங்காணியும் துரையும், சம்பளமும் வாக்குரிமையும் அவ்வரலாற்றிலே இடம்பெற்றன. ஆயினும் அம்மக்களின் உடலுக்குள்ளே ஓடிவந்த இன்னொரு வரலாறும் உண்டு. அஃது இதயத்தின் வரலாறு.

தோட்டங்களிலே அடிக்கடி கேட்கப்படும் செய்தி ஒன்றுண்டு. காலையிலே பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்த மனிதர், நாற்பதோ நாற்பத்தைந்தோ வயதினர், நோயென்று ஒருநாளும் படுத்தறியாதவர், மலையேறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்பதே அச்செய்தி. லயத்திலே கூடியிருப்போர் அதனை விதி என்பர். சிலர் காற்று கறுப்பு என்பர். முதியவர் ஒருவர் மட்டும், "இவன் அப்பனும் இப்படித்தானே போனான்" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். அறிவியல் பல பத்தாண்டுகள் உழைத்துக் கண்ட உண்மையின் தொடக்கம் அம்முதியவரின் அந்த ஒரு வாக்கியத்திலே அடங்கியிருக்கின்றது.

தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கையின் மலைநாட்டுக்கு வரத்தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலாகும். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, கங்காணியின் பின்னே உறவினர் கூட்டமாக அவர்கள் வந்தனர். தொடக்கத்திலே மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே மாண்டவர் பலர். 1869 ஆம் ஆண்டளவிலே கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் அப்பயிரை அழித்தபோது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1893 ஆம் ஆண்டிலே புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. 1924 ஆம் ஆண்டிலே பதுளையை அடைந்தது. ஊவாவின் உயர்ந்த மலைகளெங்கும் தோட்டங்கள் நிறைந்தன.

பிற்காலத்திலே இவ்வாறு வந்தோர் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டது, வாந்திபேதி உண்டோ என்று பார்க்கப்பட்டது. குலதெய்வத்தின் பிடிமண்ணும், தாலாட்டும் ஒப்பாரியும், மாமன் மகளை மணக்கும் வழக்கமும் அவர்களோடு கடல் கடந்தன. அவற்றோடு, எந்த வைத்தியரும் அன்று கண்டறிய முடியாத ஒன்றும் கடந்து வந்தது. உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும் பரம்பரைச் செய்தியே அது.

அச்செய்தியை அன்று எவரும் தேடாமைக்குக் காரணமும் இருந்தது. தோட்ட மக்களின் உயிரை முதலிற் குடித்தவை தொற்றுநோய்களும் பட்டினியுமாம். 1872 ஆம் ஆண்டிலே தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1916 ஆம் ஆண்டு தொடங்கிக் கொளுக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கம் தோட்டங்களிலே நடைபெற்றது. குருதிச்சோகையாலும் வயிற்றோட்டத்தாலும் இளமையிலேயே இறக்கும் மக்களிடையே, நடுவயதிலே தோன்றும் இதயநோயைக் காண்பது எங்ஙனம்? ஆயுள் நீண்ட பின்னரே அந்நோய் வெளிப்பட்டது. நெடுங்காலம் மறைந்திருந்த பாறை, வெள்ளம் வடிந்தபின் தலைகாட்டுவதைப் போன்றது அது.

இந்தியர் வழிவந்தோரிடையே இதயநோய் மிகுதி என்பதை அறிவுலகம் முதலிற் கவனித்தது தாய்நாட்டிலன்று. கடல் கடந்து குடியேறிய நாடுகளிலேயாம். சிங்கப்பூரிலே சீனரும் மலாயரும் இந்தியரும் ஒரே துறைமுக நகரிலே வாழ்ந்தனர். இந்தியருட் பெரும்பாலோர் தென்னாட்டிலிருந்து சென்றவர். அவர்களுள்ளும் பலர் தமிழர். வைத்திய அறிஞர் தனராஜும் அவருடன் உழைத்தோரும், 1950 முதல் 1954 வரை அங்கு நடைபெற்ற ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, 1959 ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டனர். இதயத்துக்குக் குருதியூட்டும் முடியுரு நாடிகளின் நோய், சீனரைக் காட்டிலும் இந்தியரிடையே பன்மடங்கு மிகுந்திருந்தது. இத் தனராஜே பின்னர்க் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியாக விளங்கினார்.

ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே துறைமுகம். அங்ஙனமாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? உணவிலிருந்தா, உழைப்பிலிருந்தா, உதிரத்திலிருந்தா? இவ்வினாவுக்கு விடைதேடும் முயற்சி அரைநூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இவ்விடத்திலே இதயநோய் என்பது ஒரே நோயன்று என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ளுதல் வேண்டும். இதயத்தை நீர் இறைக்கும் பொறியொன்றுக்கு ஒப்பிடலாம். பொறிக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாய் அடைபட்டாலும் பொறி நிற்கும். குழாய் செவ்வையாக இருக்க, பொறியே குறையுடன் வார்க்கப்பட்டிருந்தாலும் அது நிற்கும். முன்னையது முடியுரு நாடியடைப்பு. பொதுவாக மாரடைப்பு எனப்படுவது அதுவே. பின்னையது இதயத்தசை நோய். தசை அளவுக்கு மீறித் தடிக்கும். அல்லது தளர்ந்து விரியும். இதயம் சோர்வடைதல், துடிப்பு ஒழுங்கு குலைதல், திடீர் மரணம் ஆகியன இதனால் விளையும் கேடுகள். சாய்ந்து விழுந்தவரைக் கண்டோர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

பொறியே குறையுடையதாகப் பிறக்கக்கூடும் என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் இலண்டன் மாநகரத்துப் பிரேத பரிசோதனை வைத்தியரான டொனால்ட் டெயர். 1958 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கட்டுரையில், இளவயதினர் சிலரின் இதயத்தசை ஒருபுறமாகத் தடித்திருந்ததை விவரித்தார். அவருட் பெரும்பாலோர் எதிர்பாராதவாறு இறந்தவர்கள். ஒரே குடும்பத்து உடன்பிறந்தாரிடையே இந்நோய் காணப்பட்டமை, இது வழிவழி வருவது என்பதற்குச் சான்றாயிற்று. 1990 ஆம் ஆண்டிலே இந்நோய்க்குக் காரணமான முதலாவது பரம்பரையலகு கண்டுபிடிக்கப்பட்டது. பரம்பரையலகு என்பதைத் தமிழ்நாட்டார் மரபணு என்று வழங்குவர். 1995 ஆம் ஆண்டிலே இதயத்தசைப் புரதம் ஒன்றை ஆக்கும் மற்றொரு பரம்பரையலகும் இந்நோயோடு தொடர்புடையது எனத் தெரியவந்தது. மயோசினைப் பற்றும் புரதம் என்பது அதன் பெயர். இதயத்தசையின் இழைகள் சுருங்கி விரிவதை நெறிப்படுத்துவது அதன் தொழில்.

மனிதனின் ஒவ்வொரு கலத்திலும் 23 இணை நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. நான்கே எழுத்துகளால், ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் நீளத்துக்கு எழுதப்பட்ட நூல் என்று இதனைக் கூறலாம். மயோசினைப் பற்றும் புரதத்துக்குரிய பகுதி 11 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. 2003 ஆம் ஆண்டிலே, இதயத்தசை நோயுற்ற இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தோர், இப்பகுதியிலே 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டனர். 300 கோடியிலே 25 எழுத்துகள்! ஆயினும் அவ்விடைவெளியால், கலம் அச்செய்தியை வாசிக்கும்போது ஒரு பகுதி தாவப்பட்டு, புரதத்தின் வாற்பகுதி மாறிவிடுகின்றது.

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் முதலிய ஆராய்ச்சியாளர் பலர் கூடி ஒரு பேராய்வை வெளியிட்டனர். 800 இதயநோயாளரையும் நோயற்ற 699 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். 25 எழுத்துக் குறையுடையோருக்கு இதயத்தசை நோயும் இதயச் சோர்வும் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்பது அவர்தம் கணக்கு. இந்தியாவின் 107 மக்கட் பிரிவினரைச் சார்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தேடியபோது, நூற்றுக்கு 4 பேர் அளவிலே இக்குறை காணப்பட்டது. பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் இருந்தது. ஏனைய கண்டங்களின் பழங்குடியினரிடம் காணப்படவில்லை.

இக்குறை தோன்றி ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் ஆயின என அவர்கள் மதிப்பிட்டனர். இன்றைய மொழிகளும் சாதிகளும் சமயங்களும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இது தோன்றிவிட்டது. ஆதலின் இதனை ஒரு சாதியின் குறையென்றோ ஓரினத்தின் குறையென்றோ ஒருவர்மீது ஒருவர் சுமத்துதற்கு இடமில்லை. லயத்திலே வாழ்வோரும் பங்களாவிலே வாழ்வோரும் கிராமத்துச் சிங்கள உழவரும் அறியாமலே பகிர்ந்துகொள்ளக்கூடிய முதுசொம் இது. தீங்கு விளைப்பதாயின் இத்துணைக் காலம் அழியாது நிலைத்தது எவ்வாறு? இளமையிலே இது பெரும்பாலும் துன்பஞ் செய்வதில்லை. மணம் முடித்து, மக்களைப் பெற்று, தன் குறையை அம்மக்களுக்குக் கையளித்த பின்னரே இதயம் தளர்கின்றது. அதனால் இயற்கை இதனைக் களைந்தெறியவில்லை என்பர் அறிஞர்.

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால், நூற்றுக்கு நால்வரின் தலையிலே எழுதப்பட்ட தீர்ப்பாகவே அஃது அமைந்திருக்கும். ஆனால் அறிவியல் தான் சொன்னதைத் தானே மீண்டும் சோதித்துப் பார்க்கும் இயல்புடையது. 2018 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சக்திவேல் சடையப்பனும் பிறரும், அந்நாட்டிலே வாழும் தென்னாசிய வழியினர் 2,401 பேரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 6 பேரளவில் 25 எழுத்துக் குறை இருந்தது. அக்குறையுடையோருள்ளும் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம், அதே பரம்பரையலகின் மற்றோரிடத்திலே இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்திருந்தோரின் இதயமே நோயின் முன்னறிகுறியாக அளவுக்கு மிஞ்சிய விசையோடு சுருங்கியது. 25 எழுத்துக் குறை மட்டும் உடையோரிடம் அவ்வடையாளம் தென்படவில்லை. 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த பிறிதோர் ஆய்வும், இக்குறையோடு கூடவே வழிவழி வரும் வேறோர் அரிய மாற்றமே இதயத்தசைத் தடிப்புக்குப் பெரிதும் பொறுப்பு என்று காட்டியது. களவு நடந்த வீட்டின் வாயிலிலே நின்றதற்காக ஒருவனைக் குற்றவாளியென்று பிடித்து, பின்னர் அவனோடு வந்த மற்றொருவனே கள்வன் என அறிந்த கதையாயிற்று இது.

ஆகவே 25 எழுத்துகள் இல்லாதவன் நோயாளி என்று சொல்வதற்கில்லை. அவருட் பெரும்பாலோர் இதயத்தால் வருந்தாமலே வாழ்ந்து முடிப்பர். சில குடும்பங்களிலே மட்டும், வேறு மாற்றங்களும் சேர்ந்து, தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் இடர் உண்மையாகவே இறங்கி வருகின்றது. அத்தகைய மாற்றமுடைய ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும்போது, தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே குறை வந்து ஒரு பிள்ளையிடம் இரட்டிப்பாகச் சேரவும் கூடும்.

சிங்கப்பூரிலே எழுந்த வினாவின் மற்றப் பாதிக்கும் விடை கிடைத்தது. கேரளத்திலே பிறந்து கனடாவிலே பணியாற்றிய சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளிலே நடந்த பேராய்வு 2004 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மாரடைப்புற்றோர் ஏறத்தாழ 15,000 பேரும் நோயற்றோர் அதே அளவினரும் அதில் ஒப்பிடப்பட்டனர். புகைத்தல், குருதியிலுள்ள கொழுப்பின் சீர்கேடு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்புக் குறைவு, மதுப்பழக்கம் ஆகிய ஒன்பதும் சேர்ந்தே மாரடைப்பின் பெரும்பகுதியை விளக்கின. இலங்கை உள்ளிட்ட தென்னாசிய நாடுகளைத் தனியே ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டுரை, இப்பகுதியினர் முதல் மாரடைப்பை ஏறத்தாழ 53 வயதிலும், ஏனைய நாட்டினர் ஏறத்தாழ 59 வயதிலும் அடைவதைக் காட்டியது. இவ்விடர்க் காரணங்கள் இளவயதிலேயே வந்து சேர்வதே அவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம் என்றும் கூறியது. நாடியடைப்பிலே பரம்பரைக்கும் பங்குண்டு. ஆயினும் குறைத்துக்கொள்ளத்தக்க பங்கே பெரிது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும், மாலைச் சாராயமும், காய்கறி சேராத ரொட்டியும், அளந்து பாராத குருதியமுக்கமும் மனிதர் கைக்குள் அடங்கியவை.

பரம்பரையின் பங்கை அறியவேண்டுமாயின், வைத்தியர் முதலிற் கேட்பது இரத்தத்தையன்று, குடிவழியைக் கேட்பார். "உம்முடைய தந்தை எந்த வயதிலே இறந்தார்? எவ்வாறு இறந்தார்? உடன்பிறந்தார் எவரேனும் மயங்கி விழுந்ததுண்டா?" என்பன அவருடைய வினாக்கள். ஹல்துமுல்லை போன்ற ஊர்களின் தோட்ட மக்கள் பலருக்கு இவ்வினாவுக்கு விடை இல்லாமற் போனதற்கு வரலாறே காரணம்.

கடல் கடந்தபோது பாட்டன் பாட்டியர் ஊரிலேயே தங்கிவிட்டனர். அவர் இறந்த செய்தி வந்தாலும் எப்படி இறந்தார் என்ற செய்தி வரவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974 ஆம் ஆண்டிலே இணங்கின. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலேறினான். தம்பி ஊவாவிலே நின்றான். இவ்வாறு சென்றோருக்கு வேலை அளிப்பதற்கெனத் தமிழக அரசு 1968 ஆம் ஆண்டு தொடங்கி நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டு மலைகளிலே கொழுந்து பறித்தனர். 1984 ஆம் ஆண்டிலே தலைமன்னார் இராமேசுவரம் கப்பற் போக்குவரத்தும் நின்றது. கடிதங்களும் குறைந்தன. நீலகிரியிலே ஐம்பது வயதுக்குள் இறந்த பெரியப்பாவின் மார்புநோவு, ஹல்துமுல்லையிலுள்ள தம்பி மகனுக்கு எச்சரிக்கையாக வந்து சேரவில்லை.

உறவு முறிந்தபோது உறவினர் முகம் மட்டும் மறையவில்லை. அவர்தம் நோயின் நினைவும் மறைந்தது. ஆனால் 11 ஆம் நிறமூர்த்தத்தை எந்த உடன்படிக்கையும் பங்கிடவில்லை. இரு கரையிலும் அது மாறாமலே தொடர்கின்றது.

இந்நினைவை மீட்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வீட்டிலே முதியோர் உயிரோடு இருக்கும்போதே, இரண்டு தலைமுறையிலே யார் யார் இளவயதில் இறந்தனர், விழுந்து இறந்தனரா, மூச்சிளைத்து இறந்தனரா, கால் வீங்கி இறந்தனரா என்று கேட்டு, பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பியிலே எழுதிவைத்தல் போதும். கடலுக்கப்பாலுள்ள உறவினரோடு தொலைபேசியிலே பேசுவோர் திருமணச் செய்தியோடு இதனையும் கேட்கலாம். ஐம்பது வயதுக்குள் திடீரென இறந்தவர் ஒருவர் குடும்பத்தில் இருப்பின், அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் வைத்தியரிடம் அதனைச் சொல்லி, இதய மின்வரைபும் ஒலியலைப் படமும் எடுத்துக்கொள்ளுதல் நன்று. கொழுந்துச் சாக்கோடு மேடேறும்போது முன்னில்லாத மூச்சிளைப்பு, படபடப்பு, மயக்கம், மார்புநோவு ஆகியவற்றைக் களைப்பென்று தள்ளிவிடலாகாது. தசைநோய் முன்னரே தெரியவந்தால், இதயத்தின் விசையைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. ஒழுங்கு குலைந்த துடிப்பைத் திருத்தும் சிறு கருவியை மார்பினுள் பொருத்தும் முறையும் உண்டு.

லயத்து வாயிலிலே பெருமூச்செறிந்த முதியவர், "இவன் அப்பனும் இப்படித்தானே போனான்" என்றார். அவ்வாக்கியம் இழவு வீட்டோடு நின்றுவிடாமல், இறந்தவனுடைய பிள்ளைகளின் கைபிடித்து தியத்தலாவைக்கோ பதுளைக்கோ வைத்தியரிடம் சென்று சேரவேண்டும். அங்கே அவர் அதனைக் கேட்டு எழுதிக்கொள்வார். எழுதியபின் பிள்ளைகளின் மார்பிலே காதுகுழலை வைப்பார்.